இருபத்து நாலாவது பங்கு

4 செப்டம்பர் 1988, ஞாயிறு

மனோரமாவை மூன்று மணி பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். பெண் மெட்ராஸில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறாள் என்று இரண்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். அது என்ன செய்யும் என்று யாராவது திருப்பிக் கேட்டால் மட்டும் எனக்கு அவசர வேலை வந்துவிடும். இனி அப்படி நழுவ முடியாது. புத்தகமே எழுதிவிட்டாள். தமிழில் கம்ப்யூட்டர் கையேடு, நூற்று நாற்பத்து நாலு பக்கம், ஏழு பாடம். அட்டையில் சி. மனோரமா, பி.எஸ்ஸி. அந்தச் 'சி' நான். சிங்காரம், எட்டாம் வகுப்பு, மீனவர் சங்கத்து எழுத்தர்.

என் வீட்டுக்காரி தேசம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாய்யா, உனக்குப் புரிஞ்சுதா?"

"பாதி புரிஞ்சுது."

"எந்தப் பாதி?"

"அட்டை."

7 செப்டம்பர்

முதல் பாடத்தை மூன்று தரம் படித்தேன். கம்ப்யூட்டர் தானாக எதையும் யோசிக்காது, நாம் சொன்னதை மட்டும் சொன்னபடி செய்யும் என்று எழுதியிருக்கிறாள். தேசம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உன்னைவிடத் தேவலை என்றாள்.

11 செப்டம்பர், ஞாயிறு

பழவேற்காட்டில் ரியாசுதீன் பாயின் சைக்கிள் கடை. எங்கள் 'முகத்துவாரம்' கையெழுத்துப் பத்திரிகைக்கு அதுதான் அலுவலகம். நான் ஆசிரியர், பாய் ஓவியர். பதினொரு வருடமாக மாதம் ஒரு இதழ், இதழுக்கு ஒரே பிரதி. அது பழவேற்காட்டிலும் எங்கள் குப்பத்திலுமாக நாற்பது வீடு சுற்றி, குழம்பு பட்டு, சில மாதம் இரண்டு தாள் இளைத்து, கடைக்குத் திரும்பி வரும். கடைசி நாலு பக்கம் வெற்றுத்தாள். படித்தவர்கள் கருத்து எழுத. போன இதழுக்கு வந்த கருத்துகள் மூன்று. அதில் ஒன்று யாரோ தன் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்தது.

மனோவின் புத்தகத்தை இதழில் போடப்போகிறேன் என்றதும் பாய் அட்டைப்படம் வரைய உட்கார்ந்துவிட்டார். அவரும் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மேலே ஒரு டி.வி. பெட்டி வரைந்தார், கீழே ஒரு தட்டச்சு மெஷின் வரைந்தார், நடுவில் கொஞ்சம் இடம் விட்டார். இது எதற்கு என்று கேட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று உன் பெண் சொன்ன பிறகு வரையலாம் என்றார்.

மனோ ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். முழுப் புத்தகத்தையும் எழுதித் தள்ளக் கூடாது, மூன்று பகுதி மட்டும். "எதுனு நீ முடிவு பண்ணாதே நைனா. படிக்கிறவங்களைக் கேளு. நீ முடிவு பண்ணித்தான் பதினாலு மாசம் ஒரு தொடர்கதை ஓடிச்சு."

அந்தக் கதையை எழுதியது நான்தான். கதாநாயகி ஆறாவது மாதமே செத்திருக்க வேண்டியவள். எனக்கு மனசு வரவில்லை.

15 செப்டம்பர்

வாசகர்களுக்கு அறிவிப்பு எழுதினேன். 'விஞ்ஞான யுகத்தின் விடிவெள்ளியே வருக' என்று ஆரம்பித்தேன். பாய் அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, விடிவெள்ளியைப் பார்த்துப் படகெடுக்கிறவனிடம் இதைப் போய்ச் சொல்வாயா என்றார்.

கடைசியில் நின்றது இதுதான்: "நம் குப்பத்துப் பெண் கம்ப்யூட்டர் கையேடு எழுதியிருக்கிறது. அதில் எந்தப் பாடத்தை இங்கே தரலாம்? கம்ப்யூட்டர் என்றால் என்ன, அதன் உறுப்புகள், தட்டச்சுப் பழகுவது, எண்களும் கணக்கும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது, பெயர்களை அகரவரிசைப்படுத்துவது, இனி வரும் காலம் — இந்த ஏழில் வேண்டியதற்கு நேராகக் கோடு போடவும். ஐந்தாம் பாடத்தில் நம் ஏரிப் பாடு, அதாவது முறைவைத்து வலை கட்டுவது, உதாரணமாக வருகிறது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறோம்."

கடைசி வரியை நான் சேர்க்காமல் இருந்திருக்கலாமோ? தகப்பன்காரன் பெருமை. இன்று இதழ் கிளம்பிவிட்டது.

25 செப்டம்பர், ஞாயிறு

சங்கத்து வாசலில் லோகநாதன் பெரிய சத்தம். இந்த வருடம் முழுக்க அவனுக்கு வலை கட்ட வந்த இடம் சேத்துக்குழிதான். வலையில் இறால் ஏறவில்லை, சேறுதான் ஏறுகிறது.

"போன தைக்கு முன்னாடி இப்படி உண்டா? ஒருவாட்டி சேத்துல நின்னா அடுத்தவாட்டி வேற இடம் வரும். எல்லாரும் எல்லா இடமும் பாத்தோம். அந்தம்மாவுக்குப் பங்கு குடுத்தீங்க, ஏரி மூஞ்சைத் திருப்பிக்கிச்சு."

அந்தம்மா என்றால் இருசம்மாள். இந்தக் குப்பத்தில் பிறந்தவள். கட்டிக்கொண்டவன் ஆந்திராப் பக்கத்து ஆள்; அடுத்தவர் படகில் ஏறிப் பிழைத்தவன், அவனுக்கு ஏரிப் பாடு முறையில் பங்கு கிடையாது. இரண்டு பெண் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தான். போன தையில் ஊர்க் கூட்டத்தில் நான்தான் எழுந்து பேசினேன் — ஊரில் பிறந்தவளுக்கு ஏரி இல்லையென்றால் யாருக்கு ஏரி? அவள் தம்பி முனியன் வலை கட்டட்டும், பங்கு அவள் பேரில் இருக்கட்டும் என்று. ஒரு வருடம் பார்ப்போம் என்று விட்டார்கள். அதுவரை இருபத்து மூன்று பங்கு. அவளோடு இருபத்து நாலு.

இத்தனைக்கும் அவளும் வருடம் முழுக்கச் சேத்துக்குழியில்தான் நிற்கிறாள். அதை யாரும் பேசவில்லை. வர்ற தைச் சீட்டுக்கு முன்னால் அவள் பங்கை எடுத்துவிட வேண்டும் என்கிறான் லோகநாதன். நாலைந்து தலைகள் ஆடின. ஊர்ப் பெரியவர் அங்கமுத்து தையில் பேசிக்கொள்ளலாம் என்றார்.

என் பங்குக்கு — என் தம்பி வலை கட்டுகிறான் — வருடம் முழுக்க வாய்முனை. ஏரி கடலோடு சேருமிடம். இறால் கூட்டமாக வரும். எழுத்தர் ராசி என்று கேலி செய்கிறார்கள். நானும் சிரித்துக்கொள்கிறேன்.

10 அக்டோபர்

இதழ் திரும்பி வந்தது. கருத்துப் பக்கம் நாலும் நிறைந்து, பின்னட்டையிலும் எழுதியிருக்கிறார்கள். பதினொரு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. பாயும் நானும் கடையை மறந்து படித்தோம்.

பாயின் தங்கை பரீதா தட்டச்சுப் பாடம் கேட்டிருக்கிறாள். நிறுத்தி அழகாகக் காரணமும் எழுதியிருக்கிறாள்: மெட்ராஸ் வேலை விளம்பரமெல்லாம் அதைத்தான் கேட்கிறதாம். ஒருவர் இறால் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பாடம் உண்டா என்கிறார். ஒருவர் ஜாதகம் பார்க்குமா என்கிறார். 'எதுவும் வேண்டாம், அந்தக் கதாநாயகியை என்ன செய்தீர்' என்று ஒருவர். அவர் நன்றாக இருக்கட்டும்.

ஐந்தாம் பாடத்துக்கு மட்டும் பத்தொன்பது கோடு. குப்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த அத்தனை வீடும். நம் ஏரி அச்சில் வந்திருக்கிறது என்றால் பார்க்காமல் இருப்பார்களா?

13 அக்டோபர்

ஐந்தாம் பாடத்தைப் படியெடுக்கிறேன். இங்கிலீஷில் வரும் கட்டளை வரிகளைப் படித்து எழுதவில்லை, கோலம் மாதிரி பார்த்து வரைகிறேன்.

தமிழ்ப் பாகம் நன்றாகவே புரிகிறது. என் பெண் தெளிவாகத்தான் எழுதுகிறாள். ஏரியில் வலை கட்ட நாலு இடம்: வாய்முனை, கல்லடி, நடுவோடை, சேத்துக்குழி. ஒரு நாளைக்கு நாலு பங்குக்காரர்கள் போகலாம். தை மாதம் குடத்தில் சீட்டுப் போட்டு ஆளுக்கொரு எண் எடுத்துக்கொள்வார்கள். முதல் நாள் ஒன்று முதல் நாலு வரை, மறுநாள் ஐந்து முதல் எட்டு வரை. கடைசி எண் வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. இதைச் சங்கத்து எழுத்தர் மாதாமாதம் விரல் விட்டு எண்ணிப் பட்டியல் போடுவார். கம்ப்யூட்டருக்கு ஒரு தரம் சொல்லிக் கொடுத்தால் ஒரு வருடப் பட்டியலை ஒரு நிமிடத்தில் தந்துவிடும்.

விரல் விட்டு எண்ணுகிற அந்த எழுத்தர் யார் என்று பேர் போடவில்லை. நல்ல பெண்.

20 அக்டோபர்

இதழ் கிளம்பியது. மழையும்.

6 நவம்பர், ஞாயிறு

வம்பை நானே எழுதி, நானே ஓவியம் போடவைத்து, வீடு வீடாக அனுப்பியிருக்கிறேன்.

மனோ புத்தகத்தில் இருபத்து மூன்று பங்கு வைத்துப் பட்டியல் போட்டிருக்கிறாள். அவள் ஊரில் இருந்தபோது அதுதான் கணக்கு. லோகநாதன் இதழைச் சங்கத்துக்கே கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் பட்டியலில் விரலை ஓட்டிக் காட்டினான். அவனுடைய பதினாறாம் எண் முதல் சுற்றில் சேத்துக்குழி, அடுத்த சுற்றில் நடுவோடை, அடுத்ததில் கல்லடி, அதற்கடுத்து வாய்முனை.

"பாத்துக்கோ. இவர் பொண்ணு பொஸ்தவத்துலயே இருக்குது. இருபத்து மூணா இருந்தா எல்லாருக்கும் எல்லா இடமும் வருது. நான் சொன்னா பொறாமைன்னீங்க, மிஷின் சொல்லுது."

மிஷின் சொல்லவில்லை, என் பெண் சொன்னாள் என்று சொல்லலாம். அது இன்னும் மோசம். தலையைச் சொறிந்துகொண்டு, பழைய கணக்கு, புதுசு போட்டுக் கேட்கிறேன் என்று வந்துவிட்டேன்.

7 நவம்பர்

இருசம்மாள் வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணே, மனோ பொஸ்தவத்துல என் பேரு வந்துக்கீதா?"

பேரெல்லாம் இல்லை, வெறும் எண்தான் என்றேன்.

"எண்ணுதான் என்னைத் தொரத்துதுன்னு சொல்றானுங்க. எடுக்கறதுனா என் மூஞ்சைப் பாத்துச் சொல்லி எடுக்கட்டும். பொஸ்தவம் சொல்லிச்சுனு எடுக்க வேணாம்."

போய்விட்டாள். தேசம்மா மீனை வழக்கத்தைவிட அழுத்தி அரிந்தாள்.

மனோவுக்குக் கடிதம் போட்டேன். இருபத்து நாலு வைத்துக் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்பு. சீக்கிரம்.

15 நவம்பர்

மழை. பஸ் இல்லை, தபால் இல்லை.

24 நவம்பர்

மனோவிடமிருந்து தடித்த உறை. இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக, மடிப்பு மடிப்பாக ஒரு நீளக் காகிதம். கூடம் முழுக்க விரிந்தது. ஒரு வரி ஒரு நாள். ஒவ்வொரு வரியிலும் நாலு எண், நாலு இடத்துக்கு. பார்த்ததும் மிஷின் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆறு வரியையே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறது, கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி. என் பெண் பாவம், அவசரத்தில் எங்கோ தப்புப் பண்ணிவிட்டாள் என்று தேசம்மாவிடம் சொன்னேன்.

தேசம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். காகிதத்தின் அந்தக் கோடியில் நின்று பார்த்தாள்.

"தப்பு இன்னா இருக்குது? எல்லாரும் அவங்கவங்க இடத்துலயே குந்திக்கினு இருக்காங்க. இதோ லோகநாதன், மேலேருந்து கீழே வரைக்கும் சேத்துலயே கீறான். நம்ம எண்ணு அஞ்சு, வாய்முனையிலயே கீது. இந்த வருசம் இப்படித்தானே நடந்துச்சு?"

உறைக்குள் மனோவின் கடிதமும் இருந்தது. அதை எடுத்துப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதே நாள், சாயங்காலம்

எனக்கே விளங்குவதற்காக எழுதி வைக்கிறேன்.

இடம் நாலு. பங்கு இருபத்து நாலு. இருபத்து நாலை நாலால் வகுத்தால் மிச்சமில்லாமல் போகிறது. அதனால் ஆறு நாளில் சுற்று முடிந்து, ஏழாம் நாள் ஒன்றாம் எண் மறுபடி வாய்முனையிலேயே வந்து நிற்கிறது. நாலாம் எண் மறுபடி சேத்துக்குழியில். இருபத்து மூன்றில் அப்படி முடியாது. கடைசி நாளில் ஓர் இடம் மிஞ்சும், அதில் ஒன்றாம் எண் போய் ஏறிக்கொள்ளும், அப்படியே எல்லாரும் ஓர் இடம் தள்ளிப் போவார்கள். முன்பெல்லாம் சீட்டு எங்கே ஆரம்பிப்பது என்று மட்டும்தான் சொல்லும். இந்த வருடம் அது வருடம் முழுக்கவும் சொல்லிவிட்டது.

அப்படியென்றால் லோகநாதன் சொன்னது சரி. அந்தப் பங்கு வந்ததால்தான். ஆனால் அந்தப் பொம்பளையால் இல்லை. யார் இருபத்து நாலாவதாக வந்திருந்தாலும் இதேதான்.

மனோ எழுதியிருக்கிறாள்: "ஒன்று எடுத்தாலும் சரியாகும் நைனா, ஒன்று சேர்த்தாலும் சரியாகும். இருபத்தைந்து போட்டுப் பார்த்தேன், எல்லாரும் எல்லா இடமும் போகிறார்கள். எதைச் செய்வது என்று கம்ப்யூட்டர் சொல்லாது. அது ஊர் சொல்ல வேண்டும்."

பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான், மாதாமாதம், அதே ஆறு வரி. முன்பு பட்டியல் போட அரை நாள் ஆகும், விரல் மடக்கி மடக்கி நகம் தேயும். இந்த வருடம் பார்க்காமலே எழுத வந்தது. அனுபவம், சிங்காரம், அனுபவம் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். ஆறு வரியை மனப்பாடம் பண்ணியதற்கு.

அதிலும் என் எண் வாய்முனையில். யார் நம்புவார்கள், எனக்குத் தெரியாது என்று?

27 நவம்பர், ஞாயிறு

பாயிடம் காகிதத்தைக் காட்டினேன். சொன்னால் இரண்டு வகையிலும் வம்பு என்றேன். மிஷினும் அந்தப் பங்குதான் காரணம் என்கிறது, எடுங்கள் என்பார்கள். எழுத்தர் வேண்டுமென்றே வாய்முனையைப் பிடித்துக்கொண்டான் என்பார்கள். பேசாமல் பட்டியலில் மட்டும் நானே கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டால் என்ன?

பாய் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டே சொன்னார்: "யாருக்கும் தெரியாம சரி பண்ணினா, யாருக்கும் தெரியாம கெடுத்ததும் நீதான்னு ஆவும். அந்தம்மா பங்கு போனா திரும்பி வராது சிங்காரம். உன் மானம் ரெண்டு மாசத்துல வந்துரும். ஏற்கெனவே எத்தனை தபா போய் வந்துக்கீது."

உண்மைதான். அந்தத் தொடர்கதைக்குப் பிறகும் ஊரில் தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

29 நவம்பர்

தேசம்மாவிடம் சொன்னேன், ஒன்று எடுக்கலாம் அல்லது ஒன்று சேர்க்கலாம் என்று. சேர்ப்பதென்றால் யாரைச் சேர்ப்பது, அதற்கு ஊரில் யார் ஒத்துக்கொள்வார்கள் என்று புலம்பினேன்.

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "லோகநாதன் சின்ன மவனுக்கு ஐப்பசியில கல்யாணம் ஆச்சு இல்ல?" என்றாள்.

நான் எழுத்தர். நான் பத்திரிகை ஆசிரியர். என் பெண் கம்ப்யூட்டர் புத்தகம் எழுதியவள். இந்த வீட்டில் மூளை எங்கே இருக்கிறது என்று இன்று தெரிந்தது.

கல்யாணம் ஆனதும் பங்கு கேட்பது வழக்கம்தான். இடம் நாலே நாலுதான் என்று பத்து வருடமாக யாரையும் சேர்க்கவில்லை. போன தையில் இருசம்மாளைத்தான் சேர்த்தோம். கேட்டுக் கிடைக்காதவர்கள் மெட்ராஸ் வேலைக்குப் போய்விட்டார்கள்; இப்போது வரிசையில் நிற்கிறவன் லோகநாதனின் மகன் ஒருவன்தான்.

4 டிசம்பர், ஞாயிறு

இந்த இதழுக்கு ஐந்தாம் பாடத்தின் பாக்கியை எழுதினேன். இருபத்து நாலு பங்குப் பட்டியல், இருபத்தைந்து பங்குப் பட்டியல், பக்கத்தில் பக்கத்தில். கீழே:

"ஆசிரியர் குறிப்பு. இந்த வருடம் பாடு ஒரே இடத்தில் நின்றதற்கு ஆளோ ராசியோ காரணமல்ல. இருபத்து நாலு, நாலால் மிச்சமின்றி வகுபடுவதே காரணம். பத்து மாதத்துக்கு மேல் இதைத் தன் கையாலேயே எழுதியும் பார்க்காமல் விட்டவர் ஆசிரியர். அவருக்கு வாய்முனை கிடைத்திருந்ததால் பார்க்கவேண்டிய அவசரம் ஏற்படவில்லை. ஒரு பங்கைக் குறைப்பதா, ஒரு பங்கைக் கூட்டுவதா? வாசகர்கள் கோடு போடவும். கூட்டுவதென்றால் யாருக்கு என்றும் எழுதவும்."

யார் பேரையும் நான் எழுதவில்லை. மூன்று தரம் எழுதப்போய் மூன்று தரமும் தேசம்மா கையைப் பிடித்தாள். அவனே கண்டுபிடிக்கணும், நீ சொன்னா வேணாம்பான் என்றாள்.

9 டிசம்பர்

இதழ் சுற்றுகிறது. இன்று பாலத்துக் கடையில் டீ குடிக்கும்போது ஒருவன், எழுத்தரே, வாய்முனை இறால் ருசி எப்படி இருந்திச்சு என்று கேட்டான். நன்றாக இருந்தது, அதுதான் தப்பு என்றேன். சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை.

14 டிசம்பர்

இதழ் லோகநாதன் வீட்டில் நின்றுவிட்டது. ஒரு வீட்டில் ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. இன்று நாலாவது நாள். கிழித்துப் போட்டிருப்பானோ? கேட்கப் பயமாக இருக்கிறது. தம்பியை அனுப்பினேன். வாசலில் வலை மிதப்புகளை நாலு நாலாகப் பரப்பி வைத்துக்கொண்டு அவனும் சின்ன மகனும் உட்கார்ந்திருக்கிறார்களாம். மிதப்பில் கரியால் எண் எழுதியிருக்கிறதாம். இவனைப் பார்த்ததும், போய்யா, நடுவுல வராதே, எண்ணிக்கை தப்பிடும் என்றானாம்.

16 டிசம்பர்

இதழ் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. லோகநாதன் என்ன கோடு போட்டான் என்று தெரியாது. அடுத்த வீட்டில் எட்டிப் பார்க்கலாம் என்றால் ஆசிரியர் கௌரவம் தடுக்கிறது. தேசம்மாவுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் எழுத்துத் தெரியாது. நல்ல ஜோடி.

2 ஜனவரி 1989

இதழ் வந்தது. குறைக்க ஏழு கோடு. கூட்டப் பதினாறு. கூட்டச் சொன்னவர்களில் ஒருவர் மட்டும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார், பெரிய பெரிய எழுத்தில். கல்யாணம் ஆன ஆம்பிளைக்குப் பங்கு மறுப்பது பழைய வழக்கத்துக்கு விரோதம், இதைக் கம்ப்யூட்டரும் உறுதி செய்கிறது, ஆகையால் கூட்டு. கையெழுத்துப் போடவில்லை. வேண்டியதில்லை.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நானும். அப்புறம் ஏழு கோட்டை மறுபடி எண்ணிப் பார்த்தேன். ஏழு, ஏழு பேர். கூட்டம் இன்னும் நடக்கவில்லை.

29 ஜனவரி, ஞாயிறு

தைச் சீட்டு. எல்லையம்மன் கோயில் வாசலில் கூட்டம்.

அங்கமுத்து முதல் பேச்சாக, இருசம்மாள் பங்கை என்ன செய்வது என்று கேட்டார். இரண்டு பேர் எடுத்துவிடலாம் என்றார்கள். நான் எழுந்தேன். லோகநாதன் என்னை உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு அவனே பேசினான். மடியிலிருந்து மிதப்புகளை எடுத்து மண்ணில் நாலு வரிசையாக வைத்து, ஊரே குனிந்து பார்க்க நகர்த்திக் காட்டினான். இருபத்து நாலு, நகரவில்லை. இருபத்து மூன்று, நகர்ந்தது. அங்கே நிறுத்தினான். பிறகு இரண்டு மிதப்பைச் சேர்த்து இருபத்தைந்து வைத்தான். நகர்ந்தது.

"ஒரு வருசம் இவர் எழுத்தால நான் சேத்துல நின்னேன். அந்தம்மாவும் என்னோட நின்னாங்க, அதை நான் பாக்கலை. திட்டறதுனா எழுத்தரைத் திட்டலாம். அவங்களை வேணாம்."

இருசம்மாள் பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். அங்கமுத்து அவளைப் பார்த்து, முகத்தைப் பார்த்துத்தான், உன் பங்கு உன்னுது என்றார். லோகநாதன் மகனுக்கும் பங்கு. அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, எழுத்தருக்குத் தண்டனை இன்னா என்று கேட்டார்கள். யார் என்று தெரியும். தேசம்மா.

எல்லாரும் எடுத்த பிறகு குடத்தில் கிடக்கும் கடைசிச் சீட்டுதான் எனக்கு என்று அங்கமுத்து தீர்ப்புச் சொன்னார். அதில் இருந்தது இருபத்தைந்து. இருசம்மாளுக்கு ஏழு. லோகநாதனுக்குப் பதினொன்று.

2 பிப்ரவரி

புதுப் பட்டியல். விரல் விட்டு எண்ணினேன். நாலு தரம் தப்பியது. நிம்மதியாக இருக்கிறது.

சீட்டு முடிந்த அன்றே மனோவுக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டிருந்தேன்; இன்று பதில் வந்தது. மறு அச்சில் இருபத்து நாலையும் சேர்த்துக்கொள்கிறாளாம், எப்படித் தப்பு வரும் என்று காட்ட. எழுத்தர் பேரைப் போடவா என்று கேட்டிருக்கிறாள். வாசகர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன்.

அடுத்த இதழில் பரீதா கேட்ட தட்டச்சுப் பாடம். பாய் எழுத்துப் பலகை வரைகிறார். 'க' எங்கே என்று தேடுகிறார்.

23 பிப்ரவரி, வியாழன்

இன்று வாய்முனை இருசம்மாளுக்கு, முதல் தரம். முனியன் போனான். காற்று மாறி, வலை நிறையப் பாசி. அடியில் கொஞ்சம் இறால். அவள் சங்கத்து வாசலில் நின்று காற்றை, முனியனை, பட்டியல் போட்ட என்னை — மூன்று பேரையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள்.

லோகநாதன் பக்கத்தில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்சம் திட்டு, அக்கா" என்றான். "நாளைக்கு அங்க நான் போறேன்."